கொல்லிமலையில் ஒரு படி சாமை

முதல் நாள்

கிளம்பும்போது அம்மா சொன்னது இரண்டே விஷயம். வளைவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எதையும் சாப்பிடாதே. வரும்போது சாமை ரெண்டு படி வாங்கிட்டு வா. முதலாவதை நான் கேட்கவில்லை. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நான்கு இட்லி, ஒரு வடை, தொட்டுக்கொள்ளச் சுடச்சுடச் சாம்பார். சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி வரும் வரைக்கும் வடை வயிற்றில் சமர்த்தாக இருந்தது.

காரவள்ளிக்கு அப்புறம்தான் மலைப்பாதை. சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. இந்தப் பலகைகளை வைத்தவருக்கு நல்ல எண்ணம்தான் இருந்திருக்கும், ஆனால் தலை சுற்றுகிறவனுக்கு அது ஒரு வதை. இன்னும் 41 பாக்கி என்று அப்போதுதான் தெரிய வேண்டுமா? பக்கத்தில் இருந்த அம்மாள், மடியில் கோழிக்குஞ்சுக் கூடையோடு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடுப்பு முடிச்சிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "மோந்துக்கிட்டே வா தம்பி. வெளியே பாக்காத, முன்னாடி பாரு." 33வது வளைவில் பழமும் கைவிட்டது. ஜன்னல் ஓரத்து ஆளுக்கு இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். சட்டென்று விலகிக் கொண்டார்.

கீழே இருந்து பார்த்தால் கொல்லிமலை ஒரு நீண்ட மதில்போலத் தெரியும். மேலே வந்து இறங்கினால் மலையைக் காணோம்! நெல் வயல், மரவள்ளிக் காடு, வாழை, நடுவே தார்ச்சாலை, சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். மலையின் தலையைச் சீவி எடுத்து ஒரு வட்டாரத்தையே அங்கே குடிவைத்த மாதிரி இருக்கிறது. 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டு நிலம் இது. ஊர்களை 'நாடு' என்றுதான் பிரித்திருக்கிறார்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு என்று போகும். பஞ்சாயத்துகளுக்கும் அதே பெயர்கள்தான். கண்டக்டர் "வளப்பூர் நாடெல்லாம் எறங்கு" என்று கத்தும்போது ஏதோ எல்லை தாண்டி வேறு தேசத்துக்கு வந்துவிட்டதுபோல இருந்தது.

செம்மேட்டில் இறங்கியதும் எதிரே வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலைக்குச் சொந்தக்காரன். புறநானூற்றின் 152வது பாட்டில் வன்பரணர் அவனைக் காட்டுகிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே அம்பு, யானையில் தொடங்கிப் புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய்ப் புற்றில் இருந்த உடும்பில் நிற்கிறது. யாரென்று தெரியாமலே பாணர்கள் பாடுகிறார்கள். பாட்டில் தன் பெயர் வந்ததும் அவனுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. வேட்டையாடிய மானின் இறைச்சியும், உருக்கிய நெய்போன்ற மதுவும், தன் மலையில் விளைந்த பொன்னும் கொடுத்து அனுப்புகிறான். பெயர் சொன்னாலே கூச்சப்பட்டவனை நடுரோட்டில் நிறுத்தி, ஆடிப்பெருக்கை ஒட்டி வருஷா வருஷம் அரசு விழாவும் எடுக்கிறோம்.

அறை எடுத்த இடத்தில் வெந்நீர் வரும் என்று சொன்னார்கள். குழாயில் வந்ததென்னவோ காற்றுதான். தை மாதக் குளிர், ராத்திரி எட்டு மணிக்கே ஊர் கம்பளிக்குள் போய்விடுகிறது. பக்கத்து மெஸ்ஸில் "சாமைச் சோறு கிடைக்குமாண்ணா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, பாவமாகப் பார்த்தார். "பரோட்டா இருக்கு, முட்டை தோசை இருக்கு." எதிர்க்கடையில் 'கொல்லிமலைச் சாமை' என்று அச்சடித்த பாக்கெட் தொங்கியது. ஆசையாகத் திருப்பிப் பார்த்தால், முகவரி கீழே சமவெளியில் ஏதோ ஊர்.

இரண்டாம் நாள்

அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை. வருகிறவர்கள் எல்லாரும் போவது அங்கேதான், நானும் போனேன்.

கோயில் வளப்பூர் நாட்டில், பெரியகோவிலூரில் இருக்கிறது. சம்பந்தரும் அப்பரும் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார்கள். தனிப்பதிகம் இல்லாததால் வைப்புத்தலம் என்பார்கள். அம்பலவாணக் கவிராயர் 'அறப்பளீசுர சதகம்' பாடியது இந்தச் சாமியைத்தான். கோயிலை ஒட்டி ஓடும் அய்யாற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. யாரும் பிடிப்பதில்லை. ஒருமுறை மீனைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைக்கப் போனார்களாம், துண்டுகள் ஒன்றாகப் பொருந்தி உயிர்பெற்று ஆற்றில் குதித்துவிட்டனவாம். அன்றிலிருந்து அந்த மீன்களும் சாமிதான். நான் பொரி வாங்கிப் போட்டேன். சாமி என்ற கூச்சமெல்லாம் அதற்கு இல்லை, ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு வாயைத் திறக்கிறது.

கோயிலிலிருந்து அருவிக்கு இறங்கப் படிக்கட்டு. ஆயிரத்துக்கு மேல் படிகள், செங்குத்தாக. இறங்கும்போது எல்லாரும் வீரர்கள். ஏறி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாவது நான் திருந்தியிருக்கலாம். அய்யாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. தையில் தண்ணீர் குறைவு என்றார்கள், இருந்தும் இருபதடி தள்ளி நின்றவன் தொப்பலாக நனைந்தேன். இதே தண்ணீர் கீழே இறங்கிக் காவிரியில் போய்ச் சேர்கிறது. மேலே பார்த்தபடி நின்றால் தண்ணீர் விழுவதாகவே தோன்றாது, பாறைதான் மேலே போய்க்கொண்டே இருக்கிறது என்று கண் ஏமாறும்.

திரும்பி ஏறியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்று படிக்கு ஒரு முறை உட்கார்ந்தேன் என்பதைத் தவிர.

மேலே வந்ததும் முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. மேலெல்லாம் பழுப்பு ரோமம், பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். தோலைச் சீவி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துத் தருகிறார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்று கடைக்காரப் பெண் சொன்னார். அது எப்படியோ, ஆயிரம் படி ஏறியவனுக்குக் காரமான சுடுதண்ணீரே மருந்துதான். இரண்டு டம்ளர் குடித்தேன். "வீட்டுக்கு ஒரு கிலோ போடட்டுங்களா?" என்றார். மலையே இப்படிக் கிலோக் கணக்கில் கிழங்கைப் பிடுங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தால் எத்தனை நாளைக்கு வரும் என்று தோன்றியது. வேண்டாம் என்றேன்.

அவரிடமும் சாமையைப் பற்றிக் கேட்டேன். "எங்க வீட்லயே இல்லீங்க. உள்ளூர்ப்பக்கம் போங்க, பஸ்ஸு போகாத பக்கமா." அவர் சொன்ன திசையில் நாளைக்கு.

மூன்றாம் நாள்

பஸ் போகாத பக்கம் என்றால் நிஜமாகவே பஸ் போகாது. ஜீப் ஒன்றில் பாதித் தூரம், மீதி நடை. ஊர்ப்பெயரை எழுதவில்லை. முப்பது வீடுகூட இல்லாத இடத்துக்கு நாளை நான்கு கார் போய் நின்றால் அதற்கு நான் பொறுப்பாக வேண்டாம்.

வழியெல்லாம் சில்வர் ஓக் மரம், ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி, கீழே காப்பிச்செடி. களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பச்சையாகக் கொட்டியது ஒரு பக்கம், கறுத்துச் சுருங்கியது இன்னொரு பக்கம், நடுவே ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது. சரிவுகளில் பார்த்த இடமெல்லாம் மரவள்ளி. இதுதான் சாமையை விழுங்கிய பயிர். சேலம், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. நட்டுவிட்டால் பத்து மாதம் கிடக்கும், லாரி மேட்டு மேலேயே வரும், கையில் மொத்தமாகக் காசு. சாமைக்கு லாரி வராது.

ஊருக்குள் நுழையும் இடத்திலேயே ஒரு கிழவி, "செருப்ப அங்கயே உடு தம்பி" என்றார். கோயில் இருக்கிறதாம். கோயில் என்று தனியாக ஒன்றும் கண்ணில் படவில்லை, ஒரு மரத்தடியில் நட்ட கற்கள்தான். வெறுங்காலோடு போனேன். தை மாதத்து மண் காலைச் சில்லென்று பிடித்தது.

பெரும்பாலும் அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள். அவற்றுக்கு நடுவே பழைய வீடு மூன்று மிச்சம். செருப்பை விடச் சொன்ன அந்த ஆயாவின் வீடு அதில் ஒன்று. மூங்கில் பிளாச்சின்மேல் மண் பூசிய சுவர், புல் வேய்ந்த கூரை, அந்தக் கூரை திண்ணைவரை இறங்கி வருவதால் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே இருட்டு, புகை வாசனை, ஆனால் வெளியே நடுங்கியவனுக்கு அங்கே கதகதப்பு. மகன் பக்கத்திலேயே கான்கிரீட் வீட்டில் இருக்கிறார். "அது வெயிலுக்கு வேகுது, குளிருக்கு வெறைக்குது" என்றார் ஆயா. மருமகள் வாசலிலிருந்து, "ஆமா, இங்க கூரை மாத்தறதுக்கு வருசா வருசம் புல்லு யாரு அறுக்கறது?" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி.

ஆயாவின் வீட்டுக்காரர் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். இந்த மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்தான். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டால் ஒரு கதை இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்தார்கள். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு. "அப்ப நாங்க சின்னவன் வழி. அதான் சின்ன மலை குடுத்துட்டானுவ" என்று சிரித்தார்.

அப்புறம் சாமை. கேட்டதும் ஆயா முகம் மாறியது. "எத்தன படி வேணும்?" என்று கேட்பார் என்று நினைத்தேன். "எதுக்கு?" என்றார். அம்மா கேட்டாள் என்றேன். ராசிபுரத்துப் பக்கம் பிறந்தவள், எழுபத்து நாலு வயது, சின்ன வயதில் சந்தைக்கு மலைக்காரர்கள் பலாப்பழமும் சாமையும் கொண்டுவருவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆயா திரும்பி மூலையில் இருந்த தானியக் குதிர் பக்கம் பார்த்தார். இடுப்பளவு உயரம், மூங்கிலில் முடைந்து சாணி மெழுகியது.

"ஒரே சாமைன்னு நெனச்சியா? பெருஞ்சாமை இருக்குது, கட்டவெட்டிச் சாமை இருக்குது, திரிகுலாச் சாமை, மல்லியச்சாமை..." விரல் மடக்கிக்கொண்டே போனார். ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று மெதுவாக விளைந்தாலும் சோறு ருசி. ஒன்று மண் மெலிந்த சரிவில்கூட வரும். தினையில் செந்தினை, மூக்காந்தினை. கேழ்வரகில் சுருட்டை, காரகேழ்வரகு. இப்போது வீட்டில் இருப்பது பெருஞ்சாமை மட்டும், அதுவும் அரை ஏக்கரில் துவரைக்கும் அவரைக்கும் நடுவே விதைத்தது.

"ஏன் ஆயா விட்டுட்டீங்க?"

பதில் சொல்லாமல் குதிரிலிருந்து முறத்தில் ஒரு படி அள்ளி, வெளியே உரலுக்கு வந்தார். கல் உரல், வாய்க்குமேல் மணி சிதறாமல் இருக்க மரத்தில் குந்தாணி. மருமகளும் வந்தார். இரண்டு உலக்கை, மாற்றி மாற்றி. சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, உமி பளபளவென்று மேலே கவசம் போட்ட மாதிரி. இருபது குத்துக்கு அப்புறம் எட்டிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, மணிகள் உலக்கைக்குக் கீழே நழுவி நழுவி ஓடிக்கொண்டிருந்தன. "குடு, நான் குத்தறேன்" என்று வாங்கினேன். மூச்சு வாங்க ஐம்பது குத்து. உள்ளங்கையில் கொப்புளம். மருமகள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

குத்தியதைப் புடைத்தார்கள். முறத்தை ஆயா ஒரு சுண்டு சுண்டினால் உமி மட்டும் எழுந்து, கோழிகளின் முதுகில் போய் விழுகிறது, அரிசி அடியிலேயே இருக்கிறது. திரும்பவும் உரல். திரும்பவும் முறம். மூன்று சுற்று. நேரம் பார்த்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. முறத்தில் மிஞ்சிய அரிசி அரைப் படிக்குக் கொஞ்சம் அதிகம்.

"ஏன் உட்டோம்னு கேட்டியே" என்றார் ஆயா.

மருமகள் சொன்னது இன்னும் நேராக இருந்தது. "நான் கல்யாணமாகி வந்தப்ப காலைல நாலு மணிக்கு உலக்கை. அப்புறந்தான் காட்டு வேலை. ரேசன்ல அரிசி வந்ததும் நான் மொதல்ல பண்ணது உலக்கைய மேல சொருகுனதுதான்." ரேஷன் அரிசி 2006இல் கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய், 2011இல் இலவசம். நகரத்தில் உட்கார்ந்துகொண்டு 'பாரம்பரிய உணவை மறந்துவிட்டோமே' என்று பதிவு போடுகிறவர்களில் நானும் ஒருவன். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நீளமாக ஒன்று எழுதியிருக்கிறேன். அதில் உலக்கை என்ற சொல்லே இல்லை.

மதியம் அந்தச் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். சோறு வெள்ளை இல்லை, லேசான சாம்பல் நிறம், பொலபொலவென்று இருந்தது. முதல் வாய்க்கு மண் வாசனை அடித்தது. மூன்றாவது வாய்க்கு அது போய்விட்டது, அல்லது எனக்குப் பழகிவிட்டது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஆயா தனக்கு ரேஷன் அரிசிச் சோறுதான் போட்டுக்கொண்டார். "இது செரிக்க நேரமாவும், ராத்திரிக்குத் தின்னா படுக்க முடியாது" என்று சமாதானம் சொன்னார். அரைப் படி அரிசியில் என் பங்கு எவ்வளவு என்பது அப்புறம்தான் உறைத்தது.

கிளம்பும்போது துணிப்பையில் ஒரு படி சாமை. உமியோடு. "குத்தித் தர எனக்குத் தெம்பில்ல. பக்கத்து ஊர்ல மிசினு இருக்குது, குடுத்து வாங்கிக்க." காசு கொடுத்தேன், மருமகள் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

நான்காம் நாள்

மிஷினைப் பற்றி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானிய வேலை செய்திருக்கிறது. விதைகளைச் சேர்த்து வைத்தார்கள், உமி நீக்கும் இயந்திரத்தை ஊர்களில் வைத்துப் பெண்கள் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். மற்ற யோசனைகளைவிட எனக்கு இதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. சாமையை உண்ணச் சொல்வதற்கு முன்னால் உலக்கையை இறக்கி வைக்க வேண்டும்.

காலை எட்டு மணிக்குப் பையோடு போய் நின்றேன். தகரக் கொட்டகை, பூட்டு. சாவி வைத்திருக்கும் அக்கா நேற்றே நாமக்கல் போயிருக்கிறார், மீட்டிங். சாயங்காலம் வருவார். இல்லையென்றால் நாளைக்கு. எனக்கு மதியம் பஸ்.

அந்த இடைவெளியில் எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போய்வந்தேன். கொல்லிப்பாவை இதுதான் என்கிறார்கள். நற்றிணையில் வருவது வேறு மாதிரி. மலையின் மேற்குப் பக்கத்தில் ஒரு பூதம் செய்து வைத்த பாவை, காற்று மோதினாலும் பெருமழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் வடிவம் கெடாதாம். காதலியை மறக்க முடியாதவன் சொல்லும் உவமை அது. கோயிலில் இருந்த அம்மனுக்கு எட்டுக் கை, கண்ணில் ஒரு கண்டிப்பு. சங்கப் புலவர் சொன்ன பாவையும் இவளும் ஒன்றா என்று அர்ச்சகரிடம் கேட்க வாயெடுத்தேன். அவர் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.

அகநானூற்றில் ஓரியைக் காரி கொன்று, இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்ததாக வருகிறது. அங்கே கொல்லிக்கு அடைமொழி, சிவந்த வேர்ப் பலா. இப்போது தை, பலாக்கள் பிஞ்சு விட்டுக்கொண்டிருந்தன. ஒரு மரத்தின் அடியில், வேரை ஒட்டி மண்ணுக்குச் சமமாகவே ஒரு பிஞ்சு. அந்த வேர் சிவப்பா என்று குனிந்து சுரண்டிப் பார்த்தேன். மண்தான் சிவப்பாக இருந்தது, நகக்கண்ணில் இரண்டு நாள் போகவில்லை.

இறங்கும்போது ஒன்றும் சாப்பிடவில்லை. சோளக்காட்டில் ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் வாங்கிக்கொண்டேன். வளைவுகளை எண்ணாமல் முன்னால் பார்த்தபடி வந்தேன். காரவள்ளி வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது.

வீட்டுக்கு வந்தபோது ராத்திரி ஒன்பது. அம்மா தூங்காமல் இருந்தாள். பையை வாங்கி, கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்தாள், ஊதினாள். உமி பறந்து என் சட்டையில் ஒட்டியது. மிச்சத்தை மூக்கருகே கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"மலைச் சாமைதான்" என்றாள். அப்புறம் பையின் கனத்தைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சரி. இதை யாருடா குத்தறது?"